வேடியப்பன் கல்லைப் பார்த்து ஆரி டிசைன் போடலாமா? எங்கே தேடிப் படிப்பது?

அரூர் ஆரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற வழியில் எங்கள் ஊர். வீட்டிலேயே ஆரி வேலை செய்கிறேன், பெரும்பாலும் கல்யாண பிளவுஸ். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ஸ்டாண்டை விட்டு எழுந்திருக்க நேரம் இருக்காது.

வருகிறவர்கள் எல்லோரும் போனை நீட்டி "இதே மாதிரி வேணும்" என்பார்கள். கையில் மயில், முதுகில் தாமரை, இல்லையென்றால் பல்லக்கில் உட்கார்ந்த பெண். சென்னையில் யாரோ போட்டதைப் பார்த்து மதுரையில் ஒருவர் போடுகிறார், அதைப் பார்த்து நான் போடுகிறேன். வேலை சுத்தமாக இருக்கிறது, காசும் வருகிறது. ஆனால் எங்கள் ஊரில் நான் தினமும் பார்க்கிற ஒரு பொருள்கூட என் துணிக்குள் வரவில்லையே என்பது ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

எங்கள் கொல்லைக்குப் போகிற வழியில், வேப்பமரத்தடியில் ஒரு வேடியப்பன் கல் இருக்கிறது. என் இடுப்பு உயரம். மாட்டுப்பொங்கல் அன்று அங்கேதான் பொங்கல் வைப்போம். வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து, மஞ்சளும் குங்குமமும் வைத்து, எண்ணெய் ஊற்றி, கல் கறுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கிறது. சின்ன வயதிலிருந்து கும்பிட்டிருக்கிறேனே தவிர உட்கார்ந்து பார்த்ததில்லை. போன மாதம் ஒருநாள் சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது, வெயில் கல்லின் மேல் பக்கவாட்டில் விழுந்து, உள்ளே இருந்த ஆள் அப்படியே எழுந்து வந்த மாதிரி தெரிந்தார். அன்றைக்கே நோட்டை எடுத்துக்கொண்டு போய் வரைய ஆரம்பித்தேன்.

அவர் நெஞ்சு நேராக நம்மைப் பார்க்கிறது, கால்கள் இரண்டும் பக்கவாட்டில் எட்டி வைக்கின்றன. இடது கையில் வில். வலது கையில் குறுவாள் மாதிரி ஒன்று. கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. செதுக்கின ஆழம் ஒரு விரல்கூட இருக்காது, ஆனால் ஆள் ஓடுகிறார் என்பது தெரிகிறது. நான் பொம்மை போட்டால் நின்றுகொண்டுதான் இருக்கும். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ட்ரேசிங் பேப்பரில் மாற்றி, ஊசியால் துளை போட்டு, பொடி தேய்த்து, பழைய ரா சில்க் துண்டில் ஒரே நிற நூலில் சங்கிலித் தையலாகப் போட்டுப் பார்த்தேன். முன்னால் வைத்த காலின் முட்டியில் கோடு சரியாக விழுந்ததும் உருவம் நடக்க ஆரம்பித்துவிட்டது. எனக்கு அந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

இப்போது கேள்விகள். அவர் வலது காலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பாத்திரம் மாதிரி இருக்கிறது, மூக்கு வைத்தது போலத் தெரிகிறது. அது என்ன? தலைக்கு மேலே சுண்ணாம்புக்கு அடியில் கோடு கோடாக ஏதோ இருக்கிறது, எழுத்தா? இவர் யார், எந்தக் காலம் என்று தெரிந்துகொண்டு வேலை செய்ய ஆசை. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படித்தேன், எனக்குப் புரிகிற மாதிரி எங்கே படிக்கலாம்? அப்புறம், சாமி கல்லை பிளவுஸில் போடுவது தப்பு என்று அம்மா சொல்கிறார்கள். அதற்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

தகடூரான் எழுதியது:

அம்மா, படித்ததும் உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. தருமபுரியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நடுகல் பார்ப்பதற்காகவே இந்தப் பக்கம் நிறைய அலைந்திருக்கிறேன்.

நீங்கள் கும்பிடுவது நடுகல். சண்டையில் இறந்த ஒரு ஆளுக்காக ஊரார் நட்டு வைத்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி, பக்கத்தில் செங்கம், இந்த வட்டாரம் முழுக்க இப்படிப்பட்ட கற்கள் இருக்கின்றன. பல ஊர்களில் அவற்றுக்கு வேடியப்பன் என்றுதான் பெயர். உங்கள் வர்ணனையைப் பார்த்தால், ஒரே ஆள், நெஞ்சு நேராக, கால் பக்கவாட்டில், வில்லும் வாளும், சரிந்த கொண்டை, இதெல்லாம் பல்லவர் காலத்தை ஒட்டிய பழைய கற்களில் வருகிற அமைப்பு. பிற்காலத்தில் கல்லை அடுக்கு அடுக்காகப் பிரித்து, கீழே சண்டை, நடுவில் தேவமாதர் அவனை அழைத்துப் போவது, மேலே அவன் லிங்கத்தின் முன் இருப்பது என்று செதுக்கினார்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் அந்த அடுக்குக் கற்கள் அதிகம். உங்களுடையது அந்த வகை இல்லை. ஆனாலும் நேரில் பார்க்காமல் காலத்தை அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

காலடிப் பாத்திரத்துக்கு வருவோம். இந்த வட்டாரக் கற்களில் வீரனின் காலருகே மூக்கு வைத்த கெண்டியும், சில சமயம் ஒரு சிமிழும் செதுக்கியிருப்பார்கள். இதோடு நீங்கள் புறநானூற்றின் 232ஆம் பாட்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பாடியவர் ஔவையார், இறந்தவன் நம் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுக்குக் கல் நட்டு, மயில் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள். மலையோடு சேர்த்து ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலத்தில் ஊற்றுவதையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்கிறார் ஔவை. உங்கள் கல்லில் இருக்கிற கெண்டி கள்ளுக்கானதுதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பாட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் சில நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. ஆனால் இறந்தவனுக்குப் பக்கத்தில் ஒரு கலம் இருக்க வேண்டும் என்ற நினைப்பு நம் மண்ணில் அவ்வளவு பழையது.

இன்னொரு பாட்டு உங்களுக்கென்றே இருக்கிறது. புறநானூறு 264, உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடியது. மரல் செடியைக் கிழித்து நார் எடுத்து, அதில் சிவப்புப் பூவைத் தொடுத்து, அந்தக் கண்ணியோடு மயில் பீலியும் சூட்டி, பெயரைப் பொறித்துக் கல் நட்டார்கள் என்று வருகிறது. நூலும் ஊசியும் பிடிக்கிறவர் நீங்கள். அந்த நார் எவ்வளவு பருமன் இருந்திருக்கும், பூவை எப்படி முடிச்சுப் போட்டிருப்பார்கள் என்பதை என்னைவிட நீங்கள்தான் சரியாக யோசிப்பீர்கள். மயில் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது என்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். மயிலை விட்டுவிட்டுப் பீலியை மட்டும் எடுத்துப் பாருங்களேன்.

இப்போது அந்தக் கோடுகள். எழுத்தாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, இந்தப் பக்கத்துப் பழைய கற்களில் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வகை வரும். தயவுசெய்து சுண்ணாம்பைச் சுரண்டாதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட், தேங்காய் நார், எதுவும் வேண்டாம். எழுத்தின் விளிம்பு உடைந்தால் திரும்ப வராது. படி எடுக்கிறேன் என்று மையும் தடவாதீர்கள், அது தொல்லியல் துறைக்காரர்கள் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இருட்டியதும் டார்ச்சை எடுத்துப் போய், கல்லுக்கு நேராகப் பிடிக்காமல், கல்லின் ஓரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை, மேலிருந்து ஒரு தடவை. சாயங்கால வெயில் உங்களுக்குக் காட்டியதைவிட இன்னும் நிறையத் தெரியும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள்.

எழுத்து இருந்தால் அதில் என்ன இருக்கும்? பெரும்பாலும் ராஜா பெயர், ஆட்சியாண்டு, ஆள் பெயர், எப்படிச் செத்தான் என்பது. நிறையக் கற்களில் "தொறு" என்ற சொல் வரும். தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையை எதிரிகள் ஓட்டிக்கொண்டு போக, மீட்கப் போனவன் பட்டான் என்று எழுதியிருப்பார்கள். நீங்கள் மாட்டுப்பொங்கல் அன்று அவருக்குப் பொங்கல் வைக்கிறீர்கள். அதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நாய்க்கும் கல் இருக்கிறது, தெரியுமா? செங்கம் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்தபோது அவனுடைய நாய் கோவிவன் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதி, நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். இப்படி ஒரு நாயின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படிப்பதற்கு: தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு "செங்கம் நடுகற்கள்" என்ற நூலை வெளியிட்டது. தருமபுரி மாவட்டக் கல்வெட்டுகளும் தொகுதிகளாக வந்திருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் துறையின் வெளியீடுகள் பல இலவசமாகக் கிடைக்கும், போனிலேயே படிக்கலாம். கல்வெட்டு வாசகம் முதலில் மிரட்டும். கீழே தரும் விளக்கத்தை மட்டும் முதலில் படியுங்கள், பிறகு வாசகத்துக்குப் போங்கள். அதற்கும் முன்னால் ஒருநாள் தருமபுரிக்கு வந்து தொல்லியல் துறையின் காட்சிக்கூடமான அகழ்வைப்பகத்தைப் பாருங்கள். நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் உண்டு. ஒரு கல்லை மட்டும் பார்த்தால் எது வழக்கம், எது அந்தச் சிற்பியின் சொந்தக் கை என்று தெரியாது. பத்தைச் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

---

பாலக்கோடு பட்டு எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதற்கு மேல் கல்லைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நூலைப் பற்றி ஒன்று சொல்கிறேன் அக்கா. எங்கள் வீட்டில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். கூடு கட்டும் நேரத்தில் புழுவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தலையை எட்டு போடுகிற மாதிரி ஆட்டி ஆட்டித்தான் நூல் விடும். ஒரே இழை, அறுபடாமல், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். நீங்கள் வேலை செய்கிற ரா சில்க் அப்படி வந்ததுதான்.

கூடு கட்ட விடுகிற மூங்கில் சந்திரிகையைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிற மூங்கில் பட்டை, இடையில் வரிசையாக மஞ்சளும் வெள்ளையுமாகக் கூடுகள். இப்போது நிறையப் பேர் பிளாஸ்டிக் நெட்ரிகாவுக்கு மாறிவிட்டார்கள், மூங்கில் சந்திரிகை குறைந்துகொண்டே வருகிறது. முதுகு டிசைனுக்கு அது அப்படியே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. நேரில் பார்க்க வேண்டுமானால் தனியாக எழுதுங்கள், புழு பழுக்கும் நாள், அதாவது கூடு கட்டத் தயாராகும் நாள், பார்த்துச் சொல்கிறேன். மருந்து, சென்ட், பவுடர் எதுவும் போட்டுக்கொண்டு வரக்கூடாது, புழுவுக்கு ஆகாது.

---

கம்பைநல்லூர்க்காரன் எழுதியது:

எங்கள் குடும்பம் பரம்பரையாக ஒரு வேடியப்பனுக்குப் பூசை செய்கிறது. அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது தங்கச்சி. பிளவுஸ் உடம்பில் போடுவது. வியர்வை படும், சாப்பிட்ட கை படும், துவைக்கப் போடுவோம், பழசானால் கிழித்துத் தரை துடைப்போம். அங்கே சாமி உருவம் இருந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மனம் சங்கடப்படும். அதே உருவம் சுவரில் மாட்டுகிற துணியில் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், தொட்டுக் கும்பிடுவார்கள். வில், கெண்டி, பூ, இதெல்லாம் தனித்தனியாக வந்தால் தோஷம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் உங்கள் ஊர்க் கல்லுக்கு யார் பூசை செய்கிறார்களோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அனுமதிக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் கல்லைப் பற்றி ஊரில் என்ன கதை சொல்கிறார்கள் என்பது அவர்கள் வாயில்தான் இருக்கும், புத்தகத்தில் இருக்காது. எங்கள் வீட்டுக் கிழவி இருந்தவரை, எங்கள் வேடியப்பன் எந்தப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்தார், எந்த ஓடையில் தண்ணீர் குடித்தார் என்று வரிசையாகச் சொல்லும். யாரும் எழுதி வைக்கவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை. போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பொங்கலுக்குக் கல்லுக்குத் துண்டு சாத்துவீர்கள் இல்லையா? முதல் வேலையை அந்தத் துண்டில் செய்து சாத்திவிட்டு, பிறகு மற்றதை ஆரம்பிக்கலாமே.

---

அரூர் ஆரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், நீங்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு டார்ச்சோடு போனேன் ஐயா. இடமிருந்து பிடித்தபோது கெண்டியின் மூக்கு தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் உருண்டையாக இன்னொன்று, சிமிழாக இருக்கலாம். வலமிருந்து பிடித்தபோது நெஞ்சில் இரண்டு சாய்ந்த கோடுகள் தெரிந்தன. பகலில் அதை விரிசல் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே நீளம், இரண்டுக்கும் முனையில் இறகு வெட்டியிருக்கிறது. அம்பு. இத்தனை வருஷம் குங்குமம் வைத்த இடம் அது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம். தலைக்கு மேலே மூன்று வரி எழுத்து இருக்கிறது, எங்களால் படிக்க முடியவில்லை. சுரண்டவில்லை, படம் மட்டும் எடுத்திருக்கிறேன்.

பூசை செய்கிற தாத்தாவிடம் கேட்டேன். கல்லில் இருப்பவர் மாடு மேய்க்கப் போய்த் திரும்பி வராத ஒருவர் என்று அவருடைய பாட்டி சொல்வாராம். தொறு பற்றி ஐயா எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

அகழ்வைப்பகத்துக்கும் போனேன். கற்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு சிற்பியும் இடுப்புத் துணியின் மடிப்பை ஒவ்வொரு விதமாக முடித்திருப்பது கண்ணில் பட்டது. ஒருவர் இரண்டே கோட்டில் முடித்துவிடுகிறார், இன்னொருவர் விசிறி மாதிரி விரிக்கிறார். எங்கள் கல்லில் முடிச்சு பின்பக்கம் பறக்கிறது. ஆள் ஓடுவது போல் தெரிவதற்கு முட்டியோடு சேர்த்து அந்த முடிச்சும் காரணம். என் நோட்டில் அதை நான் வரையவே இல்லை, இப்போது சேர்த்துவிட்டேன்.

வேலை இப்படிப் போகிறது. பிளவுஸில் ஆள் உருவம் கிடையாது, அம்மாவும் சமாதானம். கை விளிம்பில் மயில் பீலி மட்டும், சாய்த்து வைக்காமல் கல்லில் செருகினது போல நிமிர்ந்து நிற்கும். தண்டுக்கு ஒற்றை இழை சங்கிலித் தையல், கண்ணுக்குப் பிரெஞ்சு நாட். குந்தன் கல் வைத்துப் பார்த்தேன், பளபளப்பு பீலியைச் சாப்பிட்டுவிடுகிறது, எடுத்துவிட்டேன். பீலிக்குக் கீழே சிவப்புப் பூக் கண்ணி. அதற்காக மலையடிவாரத்தில் மரல் தேடிப் போய், இலையைக் கிழித்து நார் எடுத்துப் பார்த்தேன். நல்ல வெள்ளை, காய்ந்ததும் கொஞ்சம் பழுப்பு. அந்தப் பழுப்புக்கு நூல் கடையில் ஒத்த நிறம் கிடைத்தது. பூவை நெருக்கித் தொடுக்காமல், இரண்டு பூவுக்கு நடுவில் நார் தெரிகிற மாதிரி விட்டிருக்கிறேன். மொரப்பூரிலிருந்து வந்த ஒரு கல்யாணப்பெண்ணிடம் மாதிரித் துண்டைக் காட்டிப் பாட்டின் கதையைச் சொன்னேன். போனில் வைத்திருந்த படத்தை மூடிவிட்டு இதையே போடச் சொல்லிவிட்டார்.

துண்டு வேலையும் ஆரம்பித்தாயிற்று அண்ணா. வெள்ளைத் துண்டு, ஒரு ஓரத்தில் வில், மறு ஓரத்தில் கெண்டி. தைப்பொங்கலுக்குள் முடித்துவிடுவேன். பாலக்கோடு தம்பி, புழு பழுக்கும்போது சொல்லுங்கள், கட்டாயம் வருகிறேன்.

ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. எடுத்த படங்களை இங்கே போடலாமா?

---

தகடூரான் எழுதியது:

பெரிய வேலை செய்திருக்கிறீர்கள் அம்மா. அந்த இரண்டு அம்புகளை நீங்களே கண்டுபிடித்தீர்கள் பாருங்கள், எனக்கு அதுதான் ரொம்ப சந்தோஷம்.

படங்களைப் போடலாம், ஆனால் ஊர்ப் பெயரோ, கல் நிற்கிற இடமோ, போனில் தானாகப் பதிகிற இடக்குறிப்போ வெளியே தெரிய வேண்டாம். புதையல் இருக்கும் என்று நினைத்துக் கல்லைப் பெயர்த்துத் தோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முழு விவரத்தையும் தொல்லியல் துறைக்குத் தனியாக எழுதுங்கள். டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படங்கள், கல்லின் உயர அகலம், தாத்தா சொன்ன கதை, மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அகழ்வைப்பகத்திலேயே கொடுத்தாலும் உரியவர்களிடம் போய்ச் சேரும். அவர்கள் வந்து படி எடுக்கும்போது தாத்தாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்று வரி என்று எழுதியிருக்கிறீர்கள். மேலிருந்து வெளிச்சம் பிடித்து எடுத்த படம் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். முதல் வரி "கோவிசைய" என்று தொடங்குகிறதா என்று பார்க்கிறேன். அப்படி இருந்தால் அதற்கு அடுத்து வருவது ராஜா பெயர்.